பங்கு முன்னே, பதக்கம் பின்னே: உம்மாவின் வைரத்தை எதில் பதிப்பது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

உம்மா மௌத்தாகி நாற்பது நாள் முடிவதற்குள் நம் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சி நடக்கிறது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிறு பெட்டி வெளியே எடுக்கப்படுகிறது. உள்ளே உம்மா தம் நிக்காஹ் நாளில் அணிந்த பதக்கம். தங்கம் தேய்ந்து நெளிந்திருக்கிறது. நடுவிலிருக்கும் வைரம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெண்மக்கள் கண்கலங்குகிறார்கள். சற்று நேரத்தில் கண்ணீர் காய்ந்து கைப்பேசிகள் வெளிவருகின்றன. நான்கு கொக்கியா, ஆறு கொக்கியா? சுற்றிலும் சிறு கற்கள் வைக்கலாமா? மஞ்சள் தங்கமா, வெள்ளைத் தங்கமா? மூத்த மகள் நகைக்கடையில் பேசி முடித்துவிட்டாள். கூடத்தில் அமர்ந்திருக்கும் ஆண்மக்கள், 'நகை விஷயம் பெண்கள் பாடு' என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் தொழுகை தவறவில்லை. ஹத்தம் ஓதியாயிற்று, ஏழைகளுக்குச் சாப்பாடும் கொடுத்தாயிற்று. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை: இந்தக் கல் இப்போது யாருடையது?

அக்கேள்விக்கு விடை காணும் முன் பதக்கத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது, பிறருக்கும் உரிமையுள்ள நிலத்தில் வீட்டுக்கு வரைபடம் போடுவதற்கு ஒப்பானது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இந்தத் தவறு, மார்க்கம் அறியாதவர் வீடுகளில் மட்டுமல்ல, மார்க்கம் பேசுவோரின் வீடுகளிலும் நடக்கிறது.

'உம்மாவின் நகை பெண்களுக்கு' என்று சொன்னது யார்?

உம்மாவின் நகை பெண்மக்களுக்கு, வாப்பாவின் வீடும் கடையும் ஆண்மக்களுக்கு. இது நம் ஊர்கள் பலவற்றில் எழுதப்படாத சட்டமாகவே நிலைத்துவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வழக்கம் வேறு. அங்கே வீடு பெண்மக்களுக்கென்று போகும். வழக்கம் எதுவாயினும் அது வழக்கமே. அல்லாஹ்வின் வேதத்தில் அத்தகைய பிரிவினை இல்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. விட்டுச்சென்றது குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் அவ்வாறே என்றும், அது கட்டாயமாக்கப்பட்ட பங்கு என்றும் அறிவிக்கிறது. பொருளின் வகையைப் பார்த்துப் பங்கு மாறும் என்று அவ்வசனம் சொல்லவில்லை. நிலத்துக்கு ஒரு கணக்கும் நகைக்கு வேறொரு கணக்கும் கிடையாது. உம்மாவின் வைரத்தில் மகனுக்கும் பங்கு உண்டு. வாப்பாவின் கடையில் மகளுக்கும் பங்கு உண்டு. ஆண் தங்கம் அணிவது ஹராம் என்பது வேறு சட்டம். அணியக் கூடாதவனுக்கு உரிமையும் இல்லை என்று அதற்குப் பொருளன்று.

அந்த வசனங்கள் இறங்கிய பின்னணியை எண்ணிப் பாருங்கள். உஹதுப் போரில் ஷஹீதான சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். குழந்தைகளின் தகப்பனுடைய சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார் என்பதே முறையீடு. வாரிசுரிமை வசனம் இறங்கிய பின், பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு உத்தரவிடப்பட்டது. அந்தச் சகோதரர் தம் காலத்து வழக்கப்படிதான் நடந்திருந்தார். வழக்கம் அவரைக் காப்பாற்றவில்லை.

பாகத்தைப் பிரிக்கும் வேலையை அல்லாஹ் எந்த அறிஞரிடமும் விடாமல் தானே செய்துவிட்டான். பின்னங்கள் கூட வேதத்திலேயே இருக்கின்றன. தொழுகையின் ரக்அத்துகளைக் கூட நபிவழியிலிருந்தே விரிவாக அறிகிறோம். பாகப்பிரிவினையின் பின்னங்களையோ வேதமே எண்ணித் தருகிறது. அவ்வளவு தெளிவான ஒன்றை அலமாரி முன்னால் நின்றுகொண்டு நாம் மாற்றுகிறோம்.

கணக்கு எளிதே

ஓர் எடுத்துக்காட்டு. கல்லும் அதைச் சூழ்ந்த பழைய தங்கமும் சேர்த்து 6 லட்ச ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். உம்மாவின் பெற்றோரும் வாப்பாவும் முன்பே மௌத்தாகிவிட்டார்கள்; மக்கள் இரண்டு ஆண், இரண்டு பெண். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என ஆறு பங்குகள். மகன்களுக்குத் தலா 2 லட்சம், மகள்களுக்குத் தலா 1 லட்சம்.

வாப்பா உயிரோடு இருந்தால் அவருக்கு நான்கில் ஒரு பங்கு, 1,50,000 ரூபாய். எஞ்சிய 4,50,000 ரூபாயில் மகன்களுக்குத் தலா 1,50,000. மகள்களுக்குத் தலா 75,000. உம்மாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால், அந்த மூதாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. மகளைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் அவரிடம் எத்தனை பேர் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்? மௌத்தானவருக்குப் பெண்மக்கள் மட்டுமே இருந்தால், அவருடைய உடன்பிறந்தாருக்கும் பங்கு போகக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாகக் கடனும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தும் நிறைவேற வேண்டும். வாப்பா கொடுக்காமல் வைத்திருந்த மஹர் இருந்தால் அதுவும் உம்மாவின் சொத்தோடு சேர வேண்டும்.

இதில் கடினம் எங்கே இருக்கிறது? ஊர்ப் பள்ளிவாசலின் இமாமிடம் ஒரு தாளை நீட்டினால் கால் மணி நேரத்தில் முடிகிற கணக்கு. நாம் கேட்காமலிருப்பது கணக்குத் தெரியாததால் அல்ல. கேட்டால் விடை வந்துவிடுமே என்ற அச்சத்தால்தான்.

நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகள்

'உம்மா தம் வாயாலேயே மூத்தவளுக்கென்று சொன்னார்.' சொல்லியிருக்கலாம். தம் மௌத்துக்குப் பிறகு இன்னாருக்கு என்று சொன்னால் அது வஸிய்யத்து. வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை என்பது நபிமொழி. மற்ற வாரிசுகள் மனமொப்பினால் மட்டுமே அது செல்லும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் விளக்கம். உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்து உரிமையாக்கியிருந்தால் அது அன்பளிப்பு. அதிலும் மக்களிடையே நீதி வேண்டும். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லா மக்களுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்தார்கள். பெட்டியும் சாவியும் கடைசி நாள்வரை உம்மாவின் முந்தானையில் இருந்திருக்க, 'அன்றைக்கே கொடுத்துவிட்டார்' என்று இன்றைக்குச் சொல்வது அன்பளிப்பாகாது.

'அவளுக்குத்தான் கல்யாணத்தில் ஐம்பது பவுன் போட்டோமே!' இது ஆண்மக்களின் சாக்கு. கல்யாணத்தில் போட்ட நகை, போட்ட நாளிலேயே முடிந்துபோன கொடுக்கல். அதைக் காரணம் காட்டி வாரிசுப் பங்கை அழிக்க மார்க்கத்தில் வழியில்லை. மேலும், அந்த ஐம்பது பவுனை யாருக்காகப் போட்டோம்? மஹரைப் பெயருக்குச் சில ஆயிரமாக எழுதிவிட்டு, கைக்கூலியையும் சீரையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அள்ளிக்கொடுத்தது நம் ஊர் வழக்கம். அல்லாஹ் தடுக்காத பங்கைத் தடுக்க, அல்லாஹ் ஏவாத செலவைச் சான்றாகக் காட்டுகிறோம்.

'ராத்தாதான் உம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள்.' அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும். உம்மாவின் படுக்கையை மாற்றியவருக்கும் இரவில் விழித்திருந்தவருக்கும் கிடைக்கும் கூலி, எந்த வைரத்தையும்விடப் பெரியது. ஆனால் அந்தக் கூலியைத் தம்பி தங்கைகளின் பங்கிலிருந்து அவர்கள் அறியாமல் எடுத்துக்கொள்ள அனுமதி இல்லை. அறிந்து, மகிழ்ந்து அவர்கள் கொடுத்தால் அது அழகிய நன்றி. அவ்வாறு கொடுக்கும்படி உடன்பிறந்தாரை நாம் தூண்டவும் செய்வோம்.

'ஒரு கல்லுக்காகப் பங்கு கேட்பது அசிங்கம்.' எல்லாவற்றிலும் கொடிய சாக்கு இதுவே. ஏனெனில் இது உரிமையுடையவரின் வாயை வெட்கத்தால் அடைத்துவிடுகிறது. கேட்பவள் பேராசைக்காரி, கேளாமல் எடுத்துக்கொண்டவளோ பாசக்காரி! பொய்ச் சத்தியம் செய்து ஒரு முஸ்லிமின் உரிமையைப் பறித்தவருக்கு நரகம் உறுதியாகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அற்பப் பொருளாக இருந்தாலுமா என்று கேட்கப்பட்டது. பல்துலக்கும் அராக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும் சரியே என்று விடை வந்தது. குச்சிக்கே அந்த எச்சரிக்கை என்றால், வைரத்தை வைத்துக்கொண்டு 'சின்ன விஷயம்' என்று எப்படிச் சொல்வது?

'எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.' எவ்வாறு சம்மதித்தார்கள்? மதிப்பு எவ்வளவு என்று அவர்களுக்குச் சொன்னோமா? உங்கள் பங்கு இவ்வளவு, இதை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று தனித்தனியே கேட்டோமா? வெளிநாட்டிலிருக்கும் தம்பியிடம் தொலைபேசியில், 'பதக்கத்தை ராத்தா எடுத்துக்கொண்டது, சரிதானே?' என்று கேட்டு, அவர் 'ம்' என்றதைச் சம்மதம் என்கிறோம். ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனம் விரும்பித் தந்தாலன்றி ஆகுமானதல்ல. மௌனம் மனவிருப்பமாகாது. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் அதன் பங்கை விட்டுக்கொடுக்க அந்தப் பிள்ளைக்கும் அதிகாரமில்லை. அதற்காக வேறெவரும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. அநாதையின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை, பாகப்பிரிவினை வசனத்துக்கு நேர் முன்னால்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்வோம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் எவரும் கைவைக்கக் கூடாது என்று நாம் கூட்டம் போடுகிறோம், பேரணி போகிறோம். அது சரியே. ஆனால் அந்தச் சட்டம் காக்க வந்த வாரிசுரிமையை நம் வீட்டுக் கதவுக்குள் நாமே மீறினால், தெருவில் எழுப்பும் முழக்கத்துக்கு என்ன மதிப்பு?

ஒரு கழுத்தணியும் ஒரு கண்ணீரும்

'மார்க்கம் என்ற பெயரில் பாசத்தை மிதிக்கிறீர்கள். உம்மாவின் நினைவை ரூபாயாக்கிப் பார்க்கிறீர்கள்' என்று நம்மிடம் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் நபி (ஸல்) அவர்களின் மருமகன் அபுல் ஆஸும் ஒருவர். அவரை மீட்க மக்காவிலிருந்த ஸைனப் (ரலி) அவர்கள் ஈட்டுப்பொருள் அனுப்பினார்கள். அதில் ஒரு கழுத்தணி இருந்தது. அது கதீஜா (ரலி) அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. மகளை மணமுடித்து அனுப்பியபோது அவர்கள் கொடுத்தது. அதைக் கண்டதும் நபியவர்களின் உள்ளம் மிகவும் உருகியது. கதீஜா நாயகி மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவியின் நினைவும் மகளின் துயரமும் அந்த ஓர் அணியில் இருந்தன.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? அல்லாஹ்வின் தூதர் அவர்கள், சமூகத்தின் தலைவர். அணியைக் கையில் எடுத்து, 'இது எங்கள் வீட்டுப் பொருள்' என்றிருந்தால் தோழர்களில் எவர் மறுத்திருப்பார்? ஆனால் அவர்கள் தோழர்களை நோக்கி, நீங்கள் விரும்பினால் ஸைனபுக்காக அவருடைய கைதியை விடுவித்து, அவருடைய பொருளையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டார்கள். தோழர்கள் மகிழ்வோடு இசைந்தார்கள். அணி மகளிடமே திரும்பியது.

நினைவு உயர்ந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நினைவு, உரிமையுடையோரின் அனுமதியைக் கடந்து செல்லாது என்பதற்கும் இதுவே சான்று. அந்தக் கண்ணீரைவிடத் தூய்மையான கண்ணீர் நம் வீட்டு அலமாரி முன்னால் சிந்தப்படுவதில்லை. ஆகவே கேளுங்கள். 'உம்மாவின் கல் என்னிடம் இருக்க ஆசைப்படுகிறேன். உங்கள் பங்கை விலைக்குத் தருவீர்களா, அல்லது விட்டுத்தருவீர்களா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை.

கல்லைப் பிரிக்க முடியாதே?

முடியாது. மதிப்பைப் பிரிக்கலாம். ஒருவர் கல்லை எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பங்குக்குப் பணம் கொடுக்கலாம். ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஒரு வாரிசு விலகிக்கொள்வதை ஃபிக்ஹ் நூல்கள் 'தகாருஜ்' என்று குறிப்பிடுகின்றன. பணம் உடனே இல்லையென்றால் தவணை கேட்டு, எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதக்கத்திலுள்ள பழைய தங்கத்தின் பங்குக்குரிய பணத்தை மட்டும் கைக்குக் கையாகவே தீர்த்துவிடுவது பேணுதலானது. வீடும் நிலமும் சேர்ந்த மொத்தச் சொத்தில் தம் பங்கில் இந்தக் கல்லைக் கழித்துக்கொள்ளலாம். எவருக்கும் வாங்கச் சக்தி இல்லையென்றால் விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். அல்லது, அறிந்து, விரும்பி, மற்றவர்கள் விட்டுக்கொடுக்கலாம்.

இவற்றில் எதுவானாலும் முதலில் மதிப்புத் தெரிய வேண்டும். இங்கேயும் நமக்கு ஒரு கழுத்தணியின் வரலாறு வழிகாட்டுகிறது. கைபர் நாளில் ஃபழாலா பின் உபைத் (ரலி) அவர்கள், தங்கமும் மணிகளும் கோத்த கழுத்தணி ஒன்றைப் 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது தங்கம் மட்டுமே 12 தீனாரைவிட அதிகமாக இருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, பிரித்தறியாமல் இத்தகையதை விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள்.

நம் பழைய பதக்கங்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. முற்காலப் பதக்கங்கள் பலவற்றில் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடப்பட்டிருக்கும். மூடிய கட்டில் கல்லின் உண்மையான எடையும் தெரியாது. உள்ளிருக்கும் கீறலும் தெரியாது. வைரம் என்று மூன்று தலைமுறையாக நம்பிய கல், கழற்றிப் பார்க்கையில் வெறும் ஜிர்கானாகவோ கண்ணாடியாகவோ இருந்த வீடுகளும் உண்டு. எனவே நம்பிக்கையான ஒருவர் முன்னிலையில் கல்லைக் கழற்றி, கல்லைத் தனியாகவும் தங்கத்தைத் தனியாகவும் நிறுத்து எழுதுங்கள். கல்லின் எடை காரட்டில் வரும். 1 காரட் என்பது 200 மில்லிகிராம். பெரிய கல்லாயின் ஆய்வகச் சான்றிதழ் பெறுங்கள். கடைகளில் வைத்துப் பார்க்கும் சிறு வெப்பச் சோதனைக் கருவி, ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் இயற்கை வைரத்தையும் வேறுபடுத்திக் காட்டாது. புதிதாக வாங்கும் விலை வேறு, விற்றால் கிடைக்கும் விலை வேறு. எந்த விலையில் பிரிக்கிறோம் என்பதை எல்லோரும் அறிய முடிவுசெய்யுங்கள். கழற்றிய பழைய தங்கமும் எல்லோருக்கும் உரியதே. அதைப் புதுப் பதக்கத்தின் விலையில் ஓசையில்லாமல் கழித்துக்கொள்வதும் அபகரிப்பே.

இனி, பதக்கம்

பங்கு தீர்ந்தது, கல் நியாயமாக ஒருவர் கைக்கு வந்தது. இப்போது அழகு பார்ப்பதில் தவறேதும் இல்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளியாக்கிய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று வேதமே கேட்கிறது. அதே அத்தியாயத்தில் அதற்கு முந்தைய வசனம் வீண்விரயத்தைத் தடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பதக்கத்தின் வடிவம் அமைய வேண்டும்.

கொக்கிகளால் பிடிக்கும் திறந்த கட்டில் ஒளி நாற்புறமும் நுழையும். கல் நன்றாக மின்னும். ஆனால் கொக்கி துப்பட்டாவிலும் ஹிஜாபிலும் மாட்டும். மாட்டி மாட்டி நிமிர்ந்து ஒரு நாள் கல் விழும். கல்லைச் சுற்றி முழு விளிம்பாகத் தங்கம் அணைத்திருக்கும் கட்டு சற்று மங்கலாக இருந்தாலும் உறுதியானது; பழைய கல்லின் ஓரத்தில் சிறு சிதைவு இருந்தால் அதையும் காக்கும். நாள்தோறும் அணிபவருக்கும் வயதானவருக்கும் இதுவே ஏற்றது. 22 காரட் தங்கம் மென்மையானது. மெல்லிய கொக்கிகளுக்கு நான்கில் மூன்று பங்கு தங்கமுள்ள 18 காரட் உறுதி தரும். வைரம் கடினமானதே, உடையாததன்று. தவறான இடத்தில் ஓங்கி அடி விழுந்தால் பிளக்கும். பழைய கல்லைப் புது வெட்டுக்கு மாற்றுமாறு சொல்வோர் உண்டு. மாற்றினால் எடை குறையும், உம்மா அணிந்த கல் என்ற அடையாளமும் போகும். ஆசாரியிடம் கொடுக்கும்போது எடையை எழுதி, படம் எடுத்து, ஒப்பம் பெற்றுக் கொடுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது, எழுதுவது அவநம்பிக்கையாகாது.

கடையில் செய்யும் ஒரு தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். பழைய தங்கத்தைக் கொடுத்து, மேல்தொகை கட்டிப் புதுத் தங்கம் மாற்றிக்கொள்கிறோம். தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு மரக்கால் கொடுத்து நல்ல பழம் ஒரு மரக்கால் வாங்கிய பிலால் (ரலி) அவர்களுக்கு, முதலில் விற்றுவிட்டு அந்தக் காசில் வாங்குமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். நமக்கும் அதுவே வழி: பழையதை விற்றுக் காசைக் கையில் வாங்கிக்கொண்டு புதியதை வாங்குங்கள். அல்லது உங்கள் தங்கத்தையே ஆசாரியிடம் கொடுத்துக் கூலிக்குச் செய்துகொள்ளுங்கள்.

ஜகாத்தையும் மறவாதீர்கள். வியாபாரத்துக்கல்லாத வைரத்துக்கு ஜகாத் இல்லை. அதைச் சூழ்ந்த தங்கத்துக்கோ, ஹனஃபி மத்ஹபில், அணியும் நகையாயினும், நிஸாபை எட்டினால் இரண்டரை விழுக்காடு கடமை; ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில், அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்குக் கடமையில்லை. நிஸாப் 85 கிராம் என்றும் 87.48 கிராம் என்றும் கணக்கிடுகிறார்கள். அவரவர் பின்பற்றும் வழியில் நில்லுங்கள். ஆனால் ஜகாத்துக்கு அஞ்சித் தங்கத்தையெல்லாம் வைரமாக மாற்றும் சூழ்ச்சி அல்லாஹ்விடம் செல்லாது.

நாம் விரும்புவது எதுவென்று கேட்டால், மெல்லிய சங்கிலியில் ஒற்றைக் கல் போதும் என்போம். கால் காரட் கல்லைச் சுற்றி ஐந்து பவுன் தங்கத்தைக் குவித்து, கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்க்க அணிவது உம்மாவின் நினைவன்று, நம் பெருமை. அந்த மண்டபத்தில் கழுத்தில் கவரிங் சங்கிலியோடு ஓரமாக அமர்ந்திருக்கும் ஒரு தாய், தன் மகளுக்கு எங்கே போவேன் என்று பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பாகம் பிரிக்கும் இடத்தில் பங்கில்லாத உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்தால் அவர்களுக்கும் எதையேனும் கொடுத்து, அழகிய சொல்லைச் சொல்லுமாறு அதே அத்தியாயம் ஏவுகிறது. உம்மாவின் துணிகளைத் துவைத்துப் போட்ட பெண்ணுக்கு அந்த நாளில் ஏதேனும் கிடைத்ததா?

உயிரோடு இருக்கும் உம்மாக்களுக்கு

பெட்டிச் சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. 'என் மௌத்துக்குப் பிறகு' என்று ஒவ்வொரு மகளிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வைக்காதீர்கள். கொடுக்க விரும்பினால் இன்றே, மக்களிடையே நீதியோடு, எல்லோரும் அறியக் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு முன்பே மறைந்துவிட்ட மகனின் பிள்ளைகள், அவர்களின் பெரியப்பாவோ சித்தப்பாவோ இருப்பதால் பங்கின்றிப் போகக்கூடும். மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வஸிய்யத்து எழுதுங்கள். இல்லையெனில் பெட்டியைத் தொடாதீர்கள்; அல்லாஹ்வின் கணக்குப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் மக்களிடம் சொல்லிவையுங்கள்.

உம்மாவின் கல்லை ஏற்கெனவே எடுத்து, பதக்கம் செய்து, பத்து ஆண்டுகளாக அணிந்துவரும் சகோதரிகளும் இதைப் படிப்பீர்கள். காலம் கடந்ததால் பிறர் உரிமை நமதாகிவிடாது. இன்றிரவே உடன்பிறந்தார் ஒவ்வொருவரையும் அழையுங்கள். மதிப்பைச் சொல்லுங்கள், பங்கைச் சொல்லுங்கள், கொடுக்க முன்வாருங்கள். பெரும்பாலோர், 'நீயே வைத்துக்கொள், அல்ஹம்துலில்லாஹ்' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தப் பதக்கம் உங்கள் கழுத்தில் பாரமாக இராது. எவரேனும் பங்கைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அது அவருடையது.

அபகரித்த பொருளால் நம்மை அலங்கரித்துக்கொள்வதிலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக! நம் பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்கி, அவர்கள் விட்டுச்சென்றதை நீதியோடு பிரித்துக்கொள்ளும் மக்களாக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.